துரையின் ஒயினும் கன்று போட்ட வீட்டு வெண்ணெயும்

ஏற்காட்டில் நான் இரண்டு வருஷம் வேலை பார்த்தது உண்மை. காப்பித் தோட்டத்துத் துரையின் பங்களாவில் பார்த்தேன் என்பது பாதி உண்மை. நான் உட்கார்ந்திருந்த ஆபீஸ் அறைக்கு எதிரே பங்களாவின் சமையலறை ஜன்னல். ஆட்களின் பேர்ப்பட்டியல் எழுதிக்கொண்டே அங்கே பட்லர் எதை வறுக்கிறார், எதைக் கிண்டுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணுக்கு எட்டாததை மூக்கு பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான் என் பயிற்சி. மீதிப் பாதியைக் கொல்லிமலைக்கு வந்தபிறகு என் வாய் தானாகச் சேர்த்துக்கொண்டது.

ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கியிருந்த சமயம். மலை உச்சியில் ஏதோ உலோகம் இருக்கிறது என்று மண்ணைத் தோண்டிப் பார்க்க ஒரு கேம்ப் போட்டிருந்தார்கள். சோளக்காடு என்ற ஊரிலிருந்து அரைமணி நடை. கேம்புக்குத் தலைவராக வந்திருந்த வேறொரு வெள்ளைக்காரத் துரைக்கு ஓட்டு வீடு ஒன்று, அதற்குப் பின்னால் தகரம் வேய்ந்த சமையல் கொட்டகை, எங்களுக்கு வரிசையாகச் சின்னச் சின்ன மண் வீடுகள். நான் அங்கே ரைட்டர். எந்தக் குழி எத்தனை அடி போனது, என்ன நிறத்தில் மண் வந்தது என்று எழுதுவது என் வேலை. டெம்பரவரி வேலை. அந்தச் சொல்லை என் மாமனார் சொல்லிக் கேட்க வேண்டும். வெற்றிலை எச்சிலைத் துப்புவதற்கு முன்னால் வாய்க்குள் ஒரு தடவை சுழற்றுவாரே, அந்த மாதிரி.

மாதக் கடைசியில் துரை மலையை விட்டு இறங்குகிறார். யாரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அதில் என் பேர் இல்லையென்றால் துறையூர்ப் பக்கம் மாமனார் தோட்டத்தில் வீட்டோடு மாப்பிள்ளையாக நான் போய் நிற்க வேண்டும். அங்கே எனக்கு ஒரு மச்சினன் உண்டு. போன பொங்கலுக்கே அவன் தொழுவத்தைக் காட்டி, “மாமா, அந்த மூலை மாடு ரெண்டும் உங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கறேன், நல்ல சாதுங்க, ஒதைக்காது” என்று சொல்லியிருந்தான்.

இந்த நிலைமையில் கேம்ப் சமையற்காரருக்கு மலைக்காய்ச்சல் வந்துவிட்டது. டோலி கட்டி அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறக்கினார்கள். அடுத்த நாள் காலை ஓவர்சியர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். நல்ல மனிதர். தயிர்சாதம், ஊறுகாய் தவிர வேறு எதையும் தொடமாட்டார். ஆனால் அடுத்தவர் சாப்பிடுவதைப் பற்றிப் பேசச் சொன்னால் நாள் முழுக்கப் பேசுவார்.

“ஏய்யா ரைட்டர், ஏற்காட்டுல துரைக்குச் சமைச்சுப் போட்டவன்தானே நீ?”

“அது வந்துங்க...”

“என்ன வந்துங்க? அன்னைக்குக் குளிர் காயறப்ப நீதானே சொன்னே. வாத்து வறுவல், புட்டிங்கு, அதும் மேல ஊத்தற ரசம்னு. துரைகிட்ட சொல்லிட்டேன்.”

“என்னன்னுங்க சொன்னீங்க?”

“வெள்ளைக்காரன் பங்களாவுல பழகின கைன்னேன். நாளன்னிக்கு அவருக்குக் கல்யாண நாள். சம்சாரம் சீமையில இருக்குது. கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேரும் என்ன தின்னாங்களோ, அதையே மத்தியானம் திங்கணுமாம். எப்படிச் செய்யறதுன்னு அந்தம்மா கைப்பட எழுதி அனுப்பிச்சிருக்குது. நீ மட்டும் அன்னைக்கு அவரு வயித்தைக் குளிர வெச்சுட்டீன்னா உன் பர்மனெண்டு முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோ.”

எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொள்ளும். வயிறு உள்ளே போனால் வேட்டி நிற்காது. ஓவர்சியர் பேசி முடிப்பதற்குள் நான் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் துரை அந்தக் கடிதத்தின் ஒரு தாளை மட்டும் தனியாக எடுத்து என்னிடம் கொடுத்தார். அழகான சாய்ந்த கையெழுத்து. முதலில் மீன், பிறகு மாட்டிறைச்சி. இரண்டும் இரண்டு விரல் கனத்துக்குத் துண்டாக இருக்க வேண்டும். காய்ந்த இரும்பில் போட்டுப் புரட்டி எடுக்க வேண்டும். இறைச்சி வெளியே கருகி உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். அதாவது வேகக்கூடாது. இரண்டின் மேலும் ஊற்ற ஒரு சாறு: வெங்காயத்தைப் பொடியாக அரிந்து சிவப்பு ஒயினில் போட்டு, கால்வாசியாகச் சுண்டும்வரை காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கி, குளிர்ந்த வெண்ணெயைத் துளித்துளியாகப் போட்டு விடாமல் அடித்துக்கொண்டே வர வேண்டும். கொதிக்க விட்டால் பிரிந்துவிடும். அந்த வரிக்குக் கீழே அந்தம்மா இரண்டு கோடு போட்டிருந்தார். என் பதற்றத்துக்கு ஒரு கோடே போதும்.

சாமான்கள் வந்தன. இறைச்சி துறையூரிலிருந்து தேக்கிலையில் சுற்றி, ஈரச் சாக்குக்குள் வந்தது. மீன் உயிரோடு வந்தது. பானைத் தண்ணீரில் விரால் ஒன்றை விட்டு, மூடி கட்டி, புளியஞ்சோலையிலிருந்து தலைச்சுமையாக ஏற்றிவிட்டார்கள். அத்தனை தூரம் மலை ஏறி வந்த களைப்பே அதற்குத் தெரியவில்லை. சுமந்து வந்தவருக்குத்தான் மூச்சு வாங்கியது. கூடவே ஒரு சட்டி எருமை வெண்ணெய், தண்ணீரில் மிதந்தபடி வந்தது. ஒயினைத் துரை தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து கையில் கொடுத்தார். மதுவிலக்கு இருந்த காலம் அது. அவருக்குப் பர்மிட் இருந்தது, எனக்கு வேட்டி மட்டும்தான் இருந்தது. பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பத்தடி தூரம்தான். அதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.

என் மனைவி துறையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். சாக்கு மூட்டையைப் பார்த்தவுடனே விஷயம் புரிந்துவிட்டது அவளுக்கு.

“ஏனுங்க, அதுல என்னன்னு நானும் கேக்கல, நீங்களும் சொல்ல வேண்டாம். நம்ம ஊட்டுச் சட்டி கரண்டி ஒண்ணும் அங்க போவக்கூடாது. எல்லாம் முடிஞ்சு ஓடையில முழுகிட்டு வாங்க.”

ஆகவே வெண்ணெய்ச் சட்டியை மட்டும் எங்கள் வீட்டில் குளிர்ந்த மூலையில் வைத்தேன். இறைச்சி வறுக்க இரும்புச் சட்டி வேண்டுமே? குழியில் மண் அள்ளுவதற்காக வந்திருந்த புதுச் சட்டி ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்து எடுத்துவைத்தேன். துரையின் கல்யாண விருந்து மண் அள்ளும் சட்டியில் தயாராகிறது என்பது உலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும்.

அந்த நாள் விடிந்தது. ஒன்பது மணிக்கு விராலோடு என் சண்டை தொடங்கியது. அது வழுக்கியது, நான் வழுக்கினேன், யார் ஜெயித்தார் என்று பார்ப்பதற்குக் கேம்ப் நாய் வந்து உட்கார்ந்தது. ஒருவழியாகச் சாம்பல் தடவி, கல்லில் உரசிச் செதில் எடுத்து, ஆறு தடவை தண்ணீரில் அலசி, கை வழக்கத்தில் மஞ்சள்தூளும் போட்டுப் பிசறிவிட்டேன். அந்தத் தாளில் மஞ்சள் இல்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது. மறுபடி அலசினேன். மஞ்சள் போவதாயில்லை. சரி, கல்யாண நாள்தானே, மங்களகரமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு வெண்ணெய் எடுக்க வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே வாசனை. நெய் காய்ச்சும்போது வருமே, முருங்கைக்கீரை பொரியும் அந்த வாசனை.

“வெண்ணெய் எங்கே?”

“எங்கே போவுது? உருக்கிட்டேனுங்க.” அவள் முகத்தில் ஒரு பெருமை. “நீங்க பாட்டுக்குத் தண்ணில போட்டு வெச்சுட்டுப் போயிட்டீங்க. இன்னிக்கு வெச்சிருந்தா ஊசிப் போயிருக்கும். பாருங்க, எப்பிடி மணல் மணலா வந்திருக்குது.”

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வெண்ணெயைப் பார்த்துவிட்டு உருக்காமல் விட்டால்தான் அதிசயம். வெண்ணெய் என்பது நெய்க்கு முந்தின நிலை, அதற்கென்று தனியாக ஒரு வாழ்க்கை கிடையாது. அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. சட்டியில் ஒட்டியிருந்த கீரையை வழித்து ஒரு கவளம் சோற்றில் பிசைந்து எனக்கென்று எடுத்து வேறு வைத்திருந்தாள். அழுகை வந்தது. அதையும் தின்றேன்.

சரி, நெய்யும் வெண்ணெய் பெற்ற பிள்ளைதானே, என்ன பெரிய வித்தியாசம் என்று கொட்டகைக்கு ஓடினேன். பாதி ஒயினை ஊற்றினேன், வெங்காயம், மலை மிளகு நாலு, சுண்டக் காய்ச்சினேன். இறக்கிவைத்து நெய்யைத் துளித்துளியாக விட்டு அடித்தேன். கை ஒடிய அடித்தேன். கீழே கருஞ்சிவப்பாக ஒரு குளம், மேலே பொன் நிறத்தில் நெய். நம் ஊர்க் குழம்பாக இருந்தால் எண்ணெய் பிரிந்து மேலே வந்துவிட்டது, பக்குவம் என்று இறக்கிவைத்துச் சபாஷ் சொல்லலாம். நானும் ஒரு நிமிஷம் சபாஷ் சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் அந்த இரண்டு கோடு கண்முன் வந்தது. அந்தச் சாற்றுச் சட்டியை ஓரமாக வைத்தேன். மணி பத்தரை. ஒரு மணிக்குச் சாப்பாடு. இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் குழிகளில் மண் வெட்ட வருகிறவர் ஒருவர், அதே மலையில் குண்டனி நாடு என்கிற பகுதிக்காரர். அவர் வீட்டில் பசு கன்று போட்டிருப்பதாகச் சொன்ன ஞாபகம். குறுக்குப் பாதையில் இருபது நிமிஷம். பதினைந்தில் போய் நின்றேன். அவர் கன்றைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க ரைட்டரு சாமி. என்னுங்க இப்பிடி எரைக்குது?”

“வெண்ணெய் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க. ஆனாக் குடுக்கறாப்பல இல்லீங்க. கன்னு போட்டுப் பத்தொம்பது நாளாச்சு. முப்பதாம் நாளு சாமிக்கு வெளக்குப் போட்டுட்டுத்தான் பாலும் வெண்ணெயும் வெளிய போவும். எங்க ஊட்டு வழக்கமுங்க.”

அங்கே நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் தொழுவத்து மூலை மாடு இரண்டும் என்னைத் திரும்பிப் பார்ப்பது போலிருந்தது.

“அவசரமுங்க.”

“அப்பிடி என்னுங்க அவசரம்?”

“துரைக்குக் காய்ச்சல்.”

“அட சாமி! சமையக்காரருக்கு வந்ததே, அதுங்களா?”

“அதேதானுங்க. அதுக்கும் ஒரு படி மேலே. ஒடம்பு நெருப்பா கொதிக்குது. தலைசுத்தல். கண்ணுல பூச்சி பறக்குது.” ஒவ்வொன்றும் உண்மைதான். ஆள் மட்டும்தான் வேறு.

புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “நோவுக்குன்னாக் குடுக்கலாமுங்க. சாமி கோவிச்சுக்காது” என்றாள் அவள். உள்ளே போய் வாழையிலையில் ஒரு உருண்டை கொண்டுவந்தாள். தேங்காய் அளவு. நான் கையை நீட்டினேன். அவர் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்பிடி அசலாளு கையில குடுக்கப்படாதுங்க. ஊட்டு ஆளுதான் நோவாளி தலையில வெச்சுத் தேய்க்கோணும். நட சாமி, நானே வாரேன்.”

அவள் ஒரு சொம்பில் சாமைக் கஞ்சியும் ஊற்றிக் கொடுத்தாள். வழி நெடுக அவர் எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். “பயப்படாதீங்க, பொழைச்சுக்குவாரு.” நான் பிழைப்பேனா என்று கேட்கத் தோன்றியது.

துரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். கல்யாண நாளுக்காகக் கழுத்துப்பட்டை கட்டி, முகம் மழித்து, ரோஜாப்பூ நிறத்தில் பளபளவென்று இருந்தார். அந்த நிறத்தைப் பார்த்ததும் குண்டனிக்காரர் “ச்ச்ச்” என்று உச்சுக்கொட்டினார். “மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குது பாருங்க!” துரை எப்போதும் சிவப்புதான் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் நோயாளி என்று ஒருதடவை மனசில் விழுந்துவிட்டால் அப்புறம் எல்லாமே அறிகுறிதான்.

பக்கத்து நாற்காலியில் ஓவர்சியர். தமிழும் இங்கிலீஷும் தெரிந்தவர்கள் அங்கே நானும் அவரும்தான்.

“எப்பயிருந்து தலைசுத்துதுன்னு கேளுங்க சாமி.”

நான் துரையிடம் இங்கிலீஷில், “உங்கள் கல்யாண நாளைக் கேள்விப்பட்டு வாழ்த்த வந்திருக்கிறார்” என்றேன். ஓவர்சியருக்கு இருமல் வந்தது.

துரை முகம் மலர்ந்து, மிக்க நன்றி, தனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்றார்.

“காலையிலயிருந்துன்னு சொல்றாருங்க” என்றேன். இருமல் பலமானது.

“கையில் என்ன?” என்று துரை கேட்டார்.

“வெண்ணெய். கல்யாண நாளில் தலையில் வைப்பது இந்த மலையின் மரியாதை.”

ஓவர்சியர் எழுந்து வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் இருமினார். துரையோ எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி, பட்டம் வாங்குகிறவர் போலத் தலையைக் குனிந்தார். முன்பக்கம் முழு வழுக்கை. குண்டனிக்காரர் ஏதோ முணுமுணுத்து வேண்டிக்கொண்டு, பாதி உருண்டையை அந்த வழுக்கையில் வைத்து, உச்சியிலிருந்து காது வரைக்கும் பதமாகத் தேய்த்தார். அதன்பின் கஞ்சிச் சொம்பை நீட்டினார். “சூப்” என்றேன் நான். துரை கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு மிகவும் நன்றாக இருக்கிறது என்றார்.

மீதிப் பாதி வெண்ணெயை இலையோடு என் கையில் கொடுத்தார் குண்டனிக்காரர். “தேச்சாச்சு, இனி நீங்க தொடலாம். பொழுது எறங்கினதும் உள்ளங்காலுல தேயுங்க.” வாங்கினேனோ இல்லையோ, கொட்டகைக்குப் பறந்தேன்.

மீதி ஒயின், வெங்காயம், மிளகு. சுண்டியது. இறக்கினேன். வெண்ணெயைத் துளித்துளியாகப் போட்டு அடிக்க அடிக்க, அது பிரியவேயில்லை. நாவற்பழத்தைப் பாலில் பிசைந்தது போல் ஒரு நிறம், கரண்டியில் எடுத்தால் பட்டுத்துணி மாதிரி விழுகிறது. ஜன்னல் வழியாக நான் பார்த்திருந்த அதே சாறு! ஆடினேன். உண்மையாகவே ஒரு சுற்று ஆடினேன். மீனைப் போட்டு எடுத்தேன். மண் அள்ளும் சட்டி புகைய, இறைச்சியைப் போட்டு, அது வேகாமலிருக்க மனசைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்தேன். இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வராந்தாவை எட்டிப் பார்த்தால், குண்டனிக்காரர் துரையின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஓவர்சியர் உள்ளே ஓடிவந்தார். “கொண்டாய்யா! மீன் எங்கே மீன் எங்கேன்னு துரை மூணு தடவை கேட்டுட்டாரு.”

“அந்தாளு ஏனுங்க இன்னும் போகல?”

“பத்தியமாம்! சாமி வெண்ணெய் தேச்சா மூணு நாளைக்கு மீனு, கறி, கவுச்சி ஒண்ணும் ஆகாதாம். சாமைக்கஞ்சிதானாம். துரைக்கு நாக்கு அடங்காதுன்னு காவலுக்கு உக்காந்துட்டான். நீ சொன்ன பொய்க்கு நான் எத்தனைய்யா இருமறது? எனக்கு நெஞ்சு வலிக்குது.”

“இப்ப என்னுங்க பண்றது?”

“விரட்டிரவா?”

விரட்டலாம். ஒரு அதட்டல் போட்டால் அவர் எழுந்து போய்விடுவார். ஆனால் பத்தியத்தை மீறித் துரை கறி தின்கிற வாசனையை முதுகுக்குப் பின்னால் வாங்கிக்கொண்டு போவார். சாமிக்கு எடுத்துவைத்த வெண்ணெய் வீணாகிவிட்டதென்று அந்த வீட்டில் முப்பதாம் நாள்வரை ஒருவரும் நிம்மதியாகத் தூங்கமாட்டார்கள். கன்றுக்கு ஒரு வயிற்றுப்போக்கு வந்தாலும் அது என் கணக்கில்தான். இன்னொரு பொய்க்கு என்னிடம் சரக்கும் இல்லை. தட்டுகளைக் கீழே வைத்தேன். வேட்டியை இறுக்கி முடிந்துகொண்டு வெளியே போனேன்.

“துரைக்குக் காய்ச்சல் இல்லீங்க.”

“எறங்கிருச்சுங்களா! அதுதான் வெண்ணெய்!”

“எறங்கலீங்க. வரவேயில்ல.”

“தலைசுத்தல்?”

“அது எனக்குத்தானுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, வெயிலில் கண்ணாடி போல் மின்னிய துரையின் தலையைப் பார்த்தார். “அப்ப நான் எதுக்குங்க அந்த மொட்டையில அத்தனை நேரம் தேச்சேன்?”

எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண நாள், மீன், சாக்கு மூட்டையில் வந்தது, நெய்யானது, டெம்பரவரி, மாமனார், மச்சினன். சாக்கு மூட்டை என்றபோது மட்டும் அவர் முகம் இறுகியது. நான் வாய் ஓய்ந்தபிறகு மெதுவாகச் சொன்னார்:

“பொய் சொல்லி வாங்கினீங்க. அது ஒண்ணு. எம் பசு வெண்ணெய எடுத்து மாட்டுக்கறி மேல ஊத்தப் பாத்தீங்களே, அது நல்லாருக்குதுங்களா?”

சத்தியமாக, அந்த நிமிஷம்வரை எனக்கு அது உறைக்கவில்லை. பயத்தில் ஓடுகிறவனுக்குக் கால்தான் இருக்கும், தலை இருக்காது.

“மீன் மேல ஊத்திக்கங்க. அது தண்ணில கெடந்தது, அதுக்கும் எம் பசுவுக்கும் ஒறவும் இல்ல, பகையும் இல்ல. அந்தக் கறி மேல ஒரு சொட்டு விழப்படாது. அப்பறம், சாமிக்கு வெளக்குப் போடற நாள் வரைக்கும் தெனம் காலைல வந்து பசுவுக்குப் புல்லு அறுத்துப் போட்டுட்டு ஆபீசுக்குப் போங்க. நீங்களே அறுக்கோணும். ஆளு வெக்கப்படாது.”

துரை, இவர் என்ன சொல்கிறார் என்றார். அன்றைக்கு முதல்தடவையாக உள்ளது உள்ளபடி மொழிபெயர்த்தேன். தலையில் வைத்தது மரியாதையல்ல, மருந்து. குடித்தது சூப் அல்ல, பத்தியக் கஞ்சி. நான் பட்லர் அல்ல, ஜன்னலில் எட்டிப் பார்த்தவன். ஓவர்சியர் இருமவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

துரை தன் தலையைத் தொட்டுப் பார்த்தார். விரலை முகர்ந்தார். பிறகு, “முதலில் சாப்பாடு” என்றார்.

மீன் போனது, சாமி வீட்டு வெண்ணெய்ச் சாற்றோடு. இறைச்சிக்கு என்ன செய்வது? ஓரமாக ஒதுக்கிவைத்திருந்த பிரிந்துபோன சாறு இருந்தது. எருமை நெய்யில் செய்தது, எந்தப் பசுவும் சண்டைக்கு வராது. கண்ணை மூடிக்கொண்டு அதை ஊற்றினேன். முருங்கை வாசனையோடு நெய் தட்டில் நாலாபக்கமும் ஓடியது.

துரை மீனை முடித்துவிட்டு, மனைவியின் கை அப்படியே வந்திருக்கிறது என்று சொல்லிச் சற்று நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறைச்சியை வெட்டி வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார். இன்னொரு துண்டு. ரொட்டியைக் கிழித்து நெய்யைத் துடைத்துத் தின்றார். ஒரே ஒயினில் இரண்டு விதமாகச் சாறு வைக்கிற ஒருவன் தான் சமையற்காரன் இல்லை என்று சொன்னால் அதை நம்ப முடியாது, தன்னடக்கத்துக்கும் ஓர் அளவு வேண்டும் என்றார். நான் மறுபடி ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். அன்று காலையிலிருந்து நான் சொன்ன பொய்யையெல்லாம் நம்பியவர், சொன்ன உண்மையை மட்டும் நம்ப மறுத்துவிட்டார்.

பதினோரு நாள் புல் அறுத்தேன். முதல்நாள் விரலையும் சேர்த்து. பசு என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தது, கன்று என் வேட்டியைத் தின்னப் பார்த்தது. குண்டனிக்காரர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, “இன்னுங் கொஞ்சம் அடியில புடிச்சு அறுங்க சாமி, மாடு திங்கோணுமில்ல” என்று மேற்பார்வை பார்ப்பார். முப்பதாம் நாள் விளக்குப் போட்டார்கள். துரையும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். அவர் தலையைப் பார்த்ததும் அந்த வீட்டுப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

மாதக் கடைசியில் துரை இறங்கினார். அடுத்த வாரம் காகிதம் வந்தது. ஓவர்சியர் படித்தார். முகம் ஒருமாதிரி போனது.

“பேர் இருக்குதுங்களா?”

“இருக்குது. பர்மனெண்டு.”

“ரைட்டருன்னுதானுங்களே?”

“சமையல்னு போட்டிருக்குதய்யா. ரைட்டர் வேலைக்குக் கீழேயிருந்து வேற ஆள் வருது.”

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்: “எங்கப்பன் தோட்டத்துல மாடு ஓட்டறதுக்கு இது தேவலைங்களா, இல்லீங்களா?”

“தேவலை.”

“அப்பறம் என்ன மூஞ்சி? தெனம் முழுகிட்டு உள்ள வாங்க, அவ்வளவுதானே?”

துரையின் இடத்துக்கு வந்தவர் நம்மவர், பெரிய இஞ்சினியர். சுத்த சைவம். நெற்றியில் விபூதி. பெட்டி படுக்கை இறங்கியதும் என்னைக் கூப்பிட்டு, “நீதான் பெரிய கைகாரன்னு எழுதியிருக்காங்க. எனக்கு ஒண்ணும் பிரமாதமா வேண்டாம்ப்பா. வயிறு சரியில்ல. சாதம் வடிச்சு ஒரு மிளகு ரசம் வெச்சிரு, போதும்” என்றார்.

ரசம் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியாது. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ஆகட்டுங்க” என்றேன்.